ஒரு ஜாண் துளை

ஹில்யாவின் வீட்டுப் பின்வாசலிலிருந்து கோழிக்கொட்டகைக்கு நாற்பத்திரண்டு எட்டு. அவளே எண்ணி வைத்தது. கோடையில் அது புல்தரை, எப்படி வேண்டுமானாலும் நடக்கலாம். நவம்பரில் பனி விழ ஆரம்பித்தால் ஒற்றையடிப் பாதை. பிப்ரவரியில் இரண்டு பக்கமும் தோள் உயரத்துக்கு வெள்ளைச் சுவர் எழும்பி ஒரு சந்தாகிவிடும். காற்றடித்துக் கண்ணே தெரியாமல் போகிற நாளுக்கென்று வாசல் தூணிலிருந்து கொட்டகைக் கதவு வரைக்கும் ஒரு கயிறு கட்டியிருந்தது. அதை ஒரு கையில் பிடித்துக்கொண்டு, மறு கையில் வெந்நீர் வாளியோடு, ஒரு நாளைக்கு ஐந்து தடவை போவாள், ஐந்து தடவை வருவாள். இருபத்திரண்டு குளிர்காலமாக இதுதான்.

குளிரில் கோழி வளர்ப்பது என்றால் ஏதோ தீனி போடுகிற வேலை என்று ஊரில் இல்லாதவர்கள் நினைத்துக்கொள்வார்கள். தீனியா பெரிது? தண்ணீர்தான் பெரிது. காலை ஆறு மணிக்கு ஊற்றின வெந்நீர் எட்டரைக்கெல்லாம் கல். இரும்பு வாளி வைத்தால் அடி வெடித்துவிடும். அதனால் கறுப்பு ரப்பர் தொட்டி. கவிழ்த்துப்போட்டு பூட்ஸ் காலால் இரண்டு மிதி மிதித்தால் பனிக்கட்டி வட்டமாக, முழுசாகக் கழன்று விழும். அந்த வட்டங்களைப் பாதையோரத்தில் தள்ளிவிட்டுக்கொண்டே வந்தால் மார்ச் மாதத்தில் அது ஒரு தனி வேலியாகவே நிற்கும். முட்டையையும் பத்து மணிக்குள் எடுத்துவிட வேண்டும். இல்லையென்றால் உள்ளே உறைந்து ஓடு கீறிவிடும்.

பதினான்கு கோழி. காலே என்று ஒரு வெள்ளைச் சேவல், ஐந்து முனை வைத்த பெரிய சிவப்புக் கொண்டையோடு ஜம்பமாக நடப்பான். ஆறு வாத்து. வாத்துக்குக் குளிர் ஒரு பொருட்டே கிடையாது. பனிமேலேயே வயிற்றைப் போட்டு, காலை உள்ளே இழுத்துக்கொண்டு, அது பாட்டுக்குப் பேசிக்கொண்டிருக்கும். அதற்கென்று கொட்டகையின் தெற்குச் சுவரை ஒட்டி, வைக்கோல் கட்டுகளை அடுக்கித் தகரம் போட்ட ஒரு திறந்த சாய்ப்பு இருந்தது. மூக்கு முங்குகிற ஆழத்துக்குத் தண்ணீர் வைத்தால் போதும். என்ன, வாத்து குடிக்கிறதைவிடக் கொட்டுவதுதான் அதிகம். அதைக் கோழியோடு சேர்த்து அடைத்தால் விடிவதற்குள் தரை சகதி. அதனால் ஹில்யா ஒரு நாளும் சேர்த்து அடைத்ததில்லை.

கொட்டகையைக் கட்டியவன் அவள் புருஷன் ஆர்வோ. மரக்கட்டை அடுக்கி வீடு கட்டுவதில் அந்த வட்டாரத்தில் அவனுக்குப் பெயர் உண்டு. ஆர்வோ அடுக்கிய இரண்டு கட்டைகளுக்கு நடுவில் மயிரிழை நுழையாது. நுழைந்தால் ஏரிக்கரைப் பாசியைத் திணித்து அடைத்துவிடுவான். சுவரில் வெளிச்சம் தெரிந்தால் அவனுக்கு மானம் போன மாதிரி. கோழிக்கொட்டகையையும் அப்படித்தான் கட்டினான். முதல் குளிர்காலத்திலேயே ஒன்பது கோழிக்குக் கொண்டை கறுத்து உதிர்ந்தது. அடுத்த வருஷம் அவன் காட்டுவேலைக்குப் போயிருந்த வாரத்தில் ஹில்யா ரம்பத்தை எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறி, கூரைக்குக் கொஞ்சம் கீழே, எதிரும் புதிருமாக இரண்டு சுவரிலும் ஒரு ஜாண் துளை போட்டாள். ஈரம் படிந்த கொண்டைதான் குளிரில் உறைந்து கறுக்கிறது; கோழி விடுகிற மூச்சும் எச்சத்தின் ஈரமும் மேலே ஏறி அந்த வழியாகப் போய்விடும். கீழே பலகைமேல் உட்கார்ந்திருக்கிற கோழியின்மேல் காற்றுப் படாது. அந்த வருஷம் ஒரு கொண்டைகூடக் கறுக்கவில்லை. ஆர்வோ திரும்பி வந்து துளைகளை அண்ணாந்து பார்த்துவிட்டு ஒரு வாரம் அவளோடு பேசவில்லை.

ஐந்து வருஷத்துக்கு முன்னால் மரம் சாய்க்கும்போது விழுந்து அவனுக்கு இடுப்பு போயிற்று. அதிலிருந்து ஒரு கைத்தடி, சமையலறை ஜன்னலோரம் ஒரு நாற்காலி. எதைக் கேட்டாலும், "எல்லாம் நல்லாத்தான் இருக்கு." இடுப்பு வலியா என்றாலும் அதே பதில்தான், சூப்பில் உப்பு போதுமா என்றாலும் அதே பதில்தான். அவனாகக் கேட்கிறது ஒன்றே ஒன்று.

"எப்ப வருவே?"

கடைக்குக் கிளம்பினால் கேட்பான். சர்ச்சுக்குக் கிளம்பினால் கேட்பான். சாலையோரம் இருக்கிற தபால் பெட்டியைப் பார்த்துவிட்டு வரக் கிளம்பினாலும், கையுறை மாட்டும்போதே கேட்பான். எப்ப வருவே.

ஒரு வியாழக்கிழமை மத்தியானம் ஹில்யாவின் தங்கை எல்மா ஃபுளோரிடாவிலிருந்து போன் செய்தாள். புருஷன் போனபிறகு குளிர் ஆகாது என்று அங்கே போய்விட்டவள். இந்த வடகோடியில் வந்து குடியேறின ஃபின்லாந்துக்காரர்கள் பாதிப்பேர் வயசானால் அங்கேதான் போகிறார்கள்.

"இதயத்துல மூணு இடத்துல அடைப்பாம்டீ. அடுத்த வெள்ளிக்கிழமை நெஞ்சைத் திறக்கப் போறாங்க."

ஹில்யா ரிசீவரை மறு காதுக்கு மாற்றினாள்.

"உன்னை வான்னு சொல்லல" என்றாள் எல்மா. "உனக்குக் கோழி இருக்கு, வாத்து இருக்கு, ஆர்வோ இருக்கான். அம்மாவைப் பொதைச்ச அன்னிக்கே நீ தண்ணி மாத்தணும்னு ஓடினவதானே. சும்மா தகவலுக்குச் சொன்னேன்."

"வர்றேன்" என்றாள் ஹில்யா.

சொன்னபிறகுதான் சொன்னது தெரிந்தது. திரும்பிப் பார்த்தால் ஆர்வோ ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தான். காது மட்டும் இந்தப் பக்கம்.

பஸ் செவ்வாய்க்கிழமையும் வெள்ளிக்கிழமையும்தான். முச்சந்திக் கடை வாசலில் மத்தியானம் பன்னிரண்டுக்கு வரும். செவ்வாய்க்கிழமை ஏறினால் வியாழன் சாயங்காலம் போய்ச் சேரலாம், ஒரு ராத்திரியாவது தங்கை பக்கத்தில் உட்காரலாம். அதை விட்டால் அறுத்து முடித்தபிறகுதான். எப்படி முடியுமோ.

சனிக்கிழமை சவுனா நாள், கொல்லை மரக்குடிலில் ஆவிக்குளியல். ஆர்வோவின் அக்கா இம்பி அரை மைல் தள்ளி இருக்கிறாள், சனிக்கிழமை தவறாமல் தன் பழைய காரை உருட்டிக்கொண்டு வந்துவிடுவாள். எழுபத்தொரு வயசு, இரண்டு முட்டியும் தேய்ந்து போயிற்று, வாய் மட்டும் தேயவில்லை. பெண்கள் முதலில். இரண்டு பேரும் மேல்படியில் உட்கார்ந்து, சூட்டுக் கல்லில் ஹில்யா ஒரு கரண்டி தண்ணீர் ஊற்றினாள். ஆவி சீறிக்கொண்டு எழுந்தது.

"அந்த மேல்துளையைக் கொஞ்சம் திறடீ, மூச்சு முட்டுது" என்றாள் இம்பி. ஹில்யா எழுந்து கூரைக்குக் கீழே இருக்கிற சின்னப் பலகையைத் தள்ளிவிட்டாள்.

"ஆங். இப்பச் சொல்லு. தம்பி என்ன சொல்றான்?"

"ஒண்ணும் சொல்லல. ரெண்டு நாளா ஜன்னலையே பார்த்துட்டிருக்கான்."

"ஜன்னலுக்குக் கால் இருந்தா அதுவும் ஃபுளோரிடா போயிருக்கும்."

ஹில்யாவுக்குச் சிரிப்பு வந்தது, கூடவே அழுகையும் வந்தது. வியர்வையோடு வியர்வையாகப் போகட்டும் என்று விட்டுவிட்டாள்.

"யார் பார்த்துப்பா அக்கா? அவனால வாளி தூக்க முடியாது."

"நான் பார்த்துக்கறேன்னு சொல்லலாம்னா இந்த முட்டி ரெண்டும் ஒத்துக்கல. அந்தச் சந்துல ஒரு தடவை விழுந்தேன்னா ஏப்ரல்லதான் எடுப்பீங்க." இம்பி காய்ந்த பூர்ச்ச மரத்து இலைக் கொத்தால் தன் முதுகில் அடித்துக்கொண்டாள். "ஒண்ணு கேக்கறேன், கோவிச்சுக்காதே. இருபத்திரண்டு வருஷமா கோழி உன்னைப் பிடிச்சு வெச்சிருக்கா, இல்ல நீ கோழியைப் பிடிச்சிட்டிருக்கியா?"

"ரெண்டும் இல்ல" என்றாள் ஹில்யா. இம்பிக்கும் புரிந்துவிட்டது. பிடித்து வைத்திருப்பது அவள் தம்பிதானே.

சவுனா முடிந்து காப்பி. ஏலக்காய் போட்ட ரொட்டியை ஹில்யா வெட்டி வைத்தாள். ஆர்வோ கடைசியாகக் குளித்துவிட்டு முகமெல்லாம் சிவந்து வந்து உட்கார்ந்தான். ரொட்டியைக் காப்பியில் முக்கினான். முக்கினதைத் தின்னாமல் சொன்னான்:

"நாளையிலேருந்து நான் பார்க்கறேன்."

"எதை?"

"கோழியை. ஞாயிறும் திங்களும் நான் பார்த்துக் காட்டறேன். நீ வெளியவே வராதே. பெட்டியை அடுக்கு."

இம்பி கோப்பையைக் கீழே வைத்தாள். "டேய், நீ நடந்தா மேல விழுந்துடுவியோன்னு கதவே பயப்படுது. எப்படிடா வாளி தூக்குவே?"

"தூக்கலைன்னா இழுக்கறது. எல்லாம் நல்லாத்தான் இருக்கும்."

ஞாயிற்றுக்கிழமை காலையில் பார்த்தால், தூர ஊரில் வாழ்க்கைப்பட்ட மகள் சின்ன வயசில் விளையாடிய பனிச்சறுக்குப் பலகையைக் கொட்டடியிலிருந்து எடுத்து, அதன்மேல் மூடி போட்ட பால் கேனைக் கட்டி, கயிற்றை இடுப்பில் சுற்றிக்கொண்டு, கைத்தடியை ஊன்றி ஊன்றி ஆர்வோ சந்துக்குள் போனான். ஹில்யா ஜன்னலில் நின்று பார்த்தாள். இருபத்திரண்டு வருஷமாக இது எனக்குத் தோன்றவில்லையே என்று நினைத்தாள். அவன் நாற்காலியில் அவள் உட்கார்ந்துகொண்டு அவன் நடப்பதைப் பார்ப்பது என்னவோ போல் இருந்தது.

திரும்பி வந்தவன் மீசையெல்லாம் பனி.

"எப்படி இருக்கு?"

"எல்லாம் நல்லாத்தான் இருக்கு."

"காலே தண்ணி குடிச்சானா?"

"குடிச்சான்."

"வாத்துக்கு ஆழமா வெச்சியா?"

"ஹில்யா. பெட்டியை அடுக்கு."

அடுக்கினாள். அடுக்க என்ன இருக்கிறது? இரண்டு பாவாடை, மூன்று சட்டை, எல்மாவுக்கென்று ஒரு ஏலக்காய் ரொட்டி, ஒரு கம்பளிக் காலுறை. ஃபுளோரிடாவில் கம்பளிக் காலுறை எதற்கு? இருக்கட்டும். மத்தியானத்துக்குள் பெட்டி நிறைந்துவிட்டது. அதற்கப்புறம் என்ன செய்வது என்றே தெரியவில்லை. ஏரியிலிருந்து காற்று கிளம்பிற்று. வெளியே வெள்ளையைத் தவிர ஒன்றும் இல்லை. ஜன்னல்களுக்கெல்லாம் உள்பக்கமாக ஆர்வோ ஒட்டியிருந்த பிளாஸ்டிக் தாள் காற்றுக்கு உப்பி உப்பித் தணிந்தது. வீட்டுக்குள் வெங்காயமும் புகையும் கலந்த பழைய வாசனை. ஹில்யா கதவுவரை போவாள், பூட்ஸைப் பார்ப்பாள், திரும்புவாள். வெந்நீர் போட்டு வைப்பதோடு அவள் வேலை முடிந்தது. கோழியின் சத்தத்தைக் கேட்காமல் ஒரு பகல் போனது அவளுக்கு அதுதான் முதல் தடவை.

திங்கட்கிழமை காற்று நின்று வானம் வெளுத்தது. வெளுத்தாலே கடுங்குளிர்தான். ரேடியோவில் பூஜ்ஜியத்துக்குக் கீழே இருபத்தேழு என்றான். பத்து மணிவாக்கில் கொட்டகைப் பக்கமிருந்து சுத்தியல் சத்தம் கேட்டது. டொக் டொக் டொக். நிற்கும். மறுபடி டொக்.

"என்ன அடிச்சே?" என்று கேட்டாள், அவன் வந்ததும்.

"கதவுக் கீல் ஆடுது."

"போன மாசம்தானே மாத்தினேன்?"

"ஆடுது" என்றான் ஆர்வோ. கையுறையைக் கழற்றி அடுப்புமேல் காயப்போட்டான். அதில் பச்சையாக ஏதோ ஒட்டியிருந்தது. அவள் கவனித்தாள், ஆனால் என்ன என்று கேட்கவில்லை. கேட்டிருக்கலாம். நாளைக்கு இந்நேரம் பஸ்ஸில் இருப்பேன் என்கிற நினைப்பு அவள் கண்ணில் விழுந்த எல்லாவற்றையும் மூடிக்கொண்டிருந்தது.

செவ்வாய்க்கிழமை காலையில் பனி தள்ளும் லாரி சாலையைத் திறந்துவிட்டுப் போயிற்று. இம்பி பத்தரைக்குக் காரோடு வருகிறேன் என்றிருந்தாள். ஒன்பதரைக்கே ஹில்யா நல்ல நீலக் கோட்டை மாட்டிக்கொண்டு பெட்டியை வாசலில் வைத்தாள். ஆர்வோ காப்பி குடித்துக்கொண்டிருந்தான்.

"ஒரு தடவை போய்ப் பார்த்துட்டு வந்துடறேன்."

"எதுக்கு? எல்லாம் நல்லாத்தான் இருக்கு. கோட்டு அழுக்காயிடும்."

"காலேகிட்டச் சொல்லிட்டு வர்றேன், அவ்வளவுதான்."

"ஹில்யா" என்றான் அவன். அந்தக் குரலில் ஏதோ இருந்தது. அவள் நிற்கவில்லை.

பாதி வழியிலேயே தெரிந்துவிட்டது. வாத்துச் சத்தம் இல்லை. வாசல் கதவு திறந்தாலே ஆறும் சேர்ந்து ஊரைக் கூட்டுமே? சாய்ப்பு காலியாக இருந்தது. வைக்கோலில் ராத்திரி படிந்த உறைபனி, ஒரு கால்தடம்கூட இல்லை. ஹில்யா ஓடினாள். கதவு வரவில்லை. உள்ளே ஈரம் உறைந்து சட்டத்தோடு ஒட்டிக்கொண்டிருந்தது. இரண்டு கையாலும் பிடித்து இழுத்ததில் பட்டென்று பிய்த்துக்கொண்டு திறந்தது.

கண்ணில் மிளகாயைத் தூவினாற்போல எரிந்தது. எச்சத்தின் காரநெடி தொண்டையில் இறங்கியது. கூரையின் உள்பக்கம் முழுக்க வெள்ளை முடிமுடியாகப் பனி படிந்து, கோழியின் சூட்டில் கரைந்து சொட்டிக்கொண்டிருந்தது. சுவரில் தண்ணீர் வழிந்து வழிந்து உறைந்திருந்தது. நடுவில் ரப்பர் தொட்டி. அதில் ஆறு வாத்தும் கல்யாண வீட்டில் மாதிரிக் குதூகலமாகத் தண்ணீரை வாரி இறைத்துக்கொண்டிருந்தன. கீழே வைக்கோல் காலடியில் சளக் சளக்கென்றது. மேலே பலகையில் பதினான்கு கோழியும் நனைந்த இறகோடு, கழுத்தைத் தோளுக்குள் இழுத்துக்கொண்டு, ஒன்றையொன்று இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தன. ஒன்றுகூட அவளைப் பார்த்துக் கத்தவில்லை.

காலே ஓரத்தில் இருந்தான். கொண்டையின் பின்முனைகள் இரண்டும் சாம்பல் நிறத்தில். ஹில்யா கையுறையைக் கழற்றித் தொட்டாள். பென்சில் மாதிரி விறைப்பு.

அண்ணாந்து பார்த்தாள். துளை இருந்த இடத்தில் புதுப்பலகை. சும்மா அடித்த பலகை இல்லை. நான்கு ஓரத்தையும் இழைத்து, அளவெடுத்து, விளிம்பெல்லாம் பச்சைப் பாசியைத் திணித்து, ஆர்வோவின் கைவேலை. இடுப்பு போன மனுஷன், ஏணியில் ஏறி. எதிர்ச் சுவரிலும் அப்படியே. ஒரு பிசிறு இல்லை.

பின்னால் கைத்தடிச் சத்தம். ஆர்வோ வாசலில் வந்து நின்றான். தொப்பிகூடப் போடவில்லை.

"என்ன பண்ணி வெச்சிருக்கே?"

"இருபத்தேழுன்னான் ரேடியோவுல. வாத்தை வெளிய விடுறதா? எல்லாம் ஒண்ணா இருந்தா ஒண்ணுக்கொண்ணு சூடா இருக்கும்னு… சூட்டு விளக்கு போடலாம்னா போன வருஷம் அந்த முச்சந்திக் கடைக்காரன் கொட்டகை எரிஞ்சுதே. அதான் அடைச்சேன். நீ வந்து எண்ணும்போது ஒண்ணுகூடக் குறையக்கூடாதுன்னு."

அவன் பொய் சொல்லவில்லை. அது அவளுக்குத் தெரிந்தது. அதனால்தான் கோபத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

முதலில் வாத்தை வெளியே விரட்ட வேண்டும். ஈர வைக்கோல் முழுவதையும் வாரிக் கொட்டிப் புதுசு போட வேண்டும், அதற்கே அரை நாள். கோழியைத் துடைக்க வேண்டும். கொண்டைக்கு வாஸ்லின் களிம்பு தடவ வேண்டும். நாளைக்கும் பார்க்க வேண்டும், நாளன்றைக்கும் பார்க்க வேண்டும். ஹில்யாவின் கை தானாகவே நீலக் கோட்டின் பொத்தானைக் கழற்ற ஆரம்பித்தது. ஒன்று, இரண்டு.

"வெள்ளிக்கிழமையும் பஸ் இருக்குல்ல" என்றான் ஆர்வோ, மெதுவாக.

ஹில்யா நிமிர்ந்து அவன் முகத்தைப் பார்த்தாள். வருத்தம் இருந்தது. வெட்கம் இருந்தது. அதற்கெல்லாம் அடியில், காய்ச்சல் விட்ட பிள்ளையின் முகத்தில் வருமே ஒரு தெளிச்சி, அதுவும் இருந்தது.

மூன்றாவது பொத்தானில் கை நின்றது.

சாலையில் ஹார்ன் அடித்தது. கொஞ்ச நேரத்தில் இம்பி கயிற்றைப் பிடித்துக்கொண்டு, முட்டிக்கு ஒரு வசவு வீதம் திட்டிக்கொண்டு, சந்துக்குள் வந்தேவிட்டாள். கொட்டகைக்குள் தலையை நீட்டினவள் கைக்குட்டையால் மூக்கைப் பொத்திக்கொண்டாள்.

"கர்த்தரே! என்னடா இது, கோழிக்குச் சவுனாவா?"

"அக்கா, நீ போய்க் கார்ல உக்காரு" என்றான் ஆர்வோ.

"உக்கார்றேன், உக்கார்றேன். சவுனாவுக்கே மேல துளை விட்டுத்தானேடா கட்டினே? சின்ன வயசுல ஒரு தடவை நீ துளை விட மறந்துட்டேன்னு அப்பா உன்னை உள்ள தள்ளிக் கதவைச் சாத்தினாரே, ஞாபகம் இருக்கா? எப்படிக் கத்தினே?"

ஆர்வோ கைத்தடியால் ஈர வைக்கோலைக் குத்தினான்.

ஹில்யா தீனி மூட்டைக்குப் பின்னால் கிடந்த கடப்பாறையை எடுத்தாள். ஏணி இன்னும் சுவரோடுதான் சாய்ந்திருந்தது. நல்ல கோட்டோடு ஏறி, பலகையின் விளிம்பில் முனையைக் கொடுத்து நெம்பினாள். ஆர்வோ அடித்த ஆணி லேசில் வருமா? கிரீச்சென்று முனகிக்கொண்டு வந்தது. பாசி அவள் முகத்தில் கொட்டியது. பலகை கீழே விழுந்ததும் பளிச்சென்று ஒரு சதுர வெளிச்சம். உள்ளே முட்டிக்கொண்டு நின்ற ஆவி அந்த வழியாகப் புகைபோல வெளியே ஓடிற்று. அடுத்த சுவருக்கு ஏணியை மாற்றினாள்.

"குளிருமே" என்றான் ஆர்வோ.

"குளிரட்டும்."

"செத்துடும் ஹில்யா."

"அடைச்சாத்தான் சாகும்." இரண்டாவது பலகையும் விழுந்தது. இறங்கி வந்து அவன் எதிரே நின்றாள். மூச்சு வாங்கியது. "வாத்தைச் சாய்ப்புல விடு. அதுக்கு ஒண்ணும் ஆகாது. ஈர வைக்கோலை வாரு, இன்னிக்கு முடியலைன்னா நாளைக்கும் வாரு. வாஸ்லின் ஜன்னல்ல இருக்கு. தேய்க்காதே, தொட்டு வை. உன் பலகை வண்டியில தண்ணி கொண்டு வா, அது நல்ல யோசனை, நான் சொல்லணும்னு இருந்தேன். துளையை மட்டும் தொடாதே."

"நான் விழுந்துட்டேன்னா?"

அதை அவன் ஐந்து வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. ஹில்யாவின் கை மறுபடி கோட்டுப் பொத்தானுக்குப் போயிற்று. அதற்குள் இம்பி சொன்னாள்:

"காலையில எட்டுக்கும் சாயங்காலம் ஆறுக்கும் போன் பண்றேன். நீ எடுக்கலைன்னா பனி லாரிக்காரனை அனுப்பறேன். அவன் சும்மாத்தான் திரியறான். போதுமா? ஹில்யா, மணி பதினொண்ணு ஆகப் போகுது."

ஹில்யா கோட்டில் ஒட்டியிருந்த இறகைத் தட்டினாள். அது போகவில்லை. அப்படியே நடந்தாள். சந்தின் முனையில் பின்னாலிருந்து குரல் வந்தது.

"எப்ப வருவே?"

"தெரியாது" என்றாள், திரும்பாமல். திரும்பினால் போக முடியாது என்று அவளுக்குத் தெரியும்.

காரில் ஏறி உட்கார்ந்தபிறகுதான் பார்த்தாள். கொட்டகையின் மேலே ஒரு ஜாண் துளையிலிருந்து வெள்ளையாக ஆவி போய்க்கொண்டிருந்தது. கதவருகில் ஆர்வோ நின்றுகொண்டிருந்தான். கீழே விழுந்த பலகையைக் குனிந்து எடுத்துக் கையில் வைத்திருந்தான்.

"எறிஞ்சிடுவானா, திரும்ப அடிச்சிடுவானா?" என்று கேட்டாள்.

"எனக்கென்னடீ தெரியும்" என்றாள் இம்பி. "உன் பெட்டி எங்க?"

பெட்டி வாசலிலேயே இருந்தது. இம்பியே இறங்கி, தன் முட்டியைத் திட்டிக்கொண்டே போய் எடுத்து வந்தாள். ஹில்யாவை இறங்க விடவில்லை.

எல்மா பிழைத்துக்கொண்டாள். வெள்ளிக்கிழமை ஆறு மணி நேரம் அறுத்தார்கள். அதற்கு முதல் நாள் ராத்திரி முழுக்க ஹில்யா அவள் கையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "கையெல்லாம் கோழி வாசனை அடிக்குதுடீ" என்று எல்மா சொல்லிவிட்டுத் தூங்கிப்போனாள். சனிக்கிழமை கண் விழித்து முதலில் கேட்டது காப்பி. தரமாட்டார்கள் என்றதும் நர்ஸைத் திட்டினாள். அப்போதுதான் ஹில்யாவுக்கு உயிர் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எல்மாவின் வீட்டுக்கு வந்து, அங்கிருந்து ஆர்வோவுக்குப் போன் போட்டாள். எல்லா ஜன்னலும் திறந்திருந்தது. வெளியே யாரோ புல் வெட்டிக்கொண்டிருந்தார்கள். பிப்ரவரியில் புல் வெட்டுகிற சத்தத்தை அவளால் நம்ப முடியவில்லை. மணி அடித்துக்கொண்டே இருந்தது. பத்தாவதோ பன்னிரண்டாவதோ தடவையில் எடுத்தான்.

"எல்மா நல்லா இருக்கா" என்றாள்.

"இம்பி சொன்னா. நல்லது."

"அங்க எப்படி இருக்கு?"

எல்லாம் நல்லாத்தான் இருக்கு என்று வருவதற்காகக் காத்திருந்தாள். அது வரவில்லை.

"காலேக்கு ரெண்டு முனை கறுத்துப்போச்சு" என்றான் ஆர்வோ. "மூணு நல்லா இருக்கு, சிவப்பா. ஒரு கோழி செத்துப்போச்சு, அந்தப் பழுப்பு. வைக்கோல் வார மூணு நாள் ஆச்சு. வியாழக்கிழமை சந்துல விழுந்தேன். கயிறு இருந்துச்சு, எழுந்துட்டேன்."

"துளை?"

"அடைச்சேன்."

ஹில்யா ரிசீவரை இறுக்கிப் பிடித்தாள்.

"புதன்கிழமை முப்பதுன்னான் ரேடியோவுல. பயந்துட்டேன். திரும்ப அடைச்சேன். அடைச்சிட்டு, எப்படித்தான் இருக்குன்னு பார்க்கலாம்னு கதவைச் சாத்திட்டு உள்ள உக்கார்ந்தேன். தீனி மூட்டை மேல. கால் மணி நேரம் இருக்கும். கண்ணு எரிஞ்சுச்சு. அதுங்க எல்லாம் என்னையே பார்த்துட்டிருக்கு. எழுந்து கதவைத் தள்றேன், வரல. ஈரத்துல பிடிச்சுக்கிச்சு. கத்தினேன்." இருமினான். "யார் இருக்கா கேக்கறதுக்கு? அப்புறம் ஏணி போட்டுப் பலகையைப் பிடுங்கினேன். துளை வழியா மூஞ்சியை வெளிய நீட்டிட்டு ரொம்ப நேரம் நின்னேன். பலகையை அடுப்புல போட்டுட்டேன்."

"எப்படி வெளிய வந்தே?"

"கடப்பாறை இருந்துச்சே. நீ விட்டுட்டுப் போனது."

இவள் பக்கத்தில் புல் வெட்டுகிற சத்தம். அவன் பக்கத்தில் தூரத்தில் வாத்து ஒன்று என்னவோ கேட்டது, இன்னொன்று பதில் சொன்னது. அப்படியானால் பின்கதவு திறந்திருக்கிறது. இந்தக் குளிரில் கதவைத் திறந்துபோட்டுவிட்டுப் பேசுகிறான்.

அடுத்தது, எப்ப வருவே என்கிற அந்தக் கேள்விதான். அவள் பதிலை யோசித்து வைத்திருந்தாள். எல்மா எழுந்து நடக்க ஆறு வாரம் ஆகும் என்று டாக்டர் சொன்னதைச் சொல்லிவிட வேண்டும், ஒரே மூச்சில், அவன் குரலைக் கேட்பதற்கு முன்னால். வாயைத் திறந்தாள்.

"சரி, வெக்கறேன்" என்றான் ஆர்வோ. "மூணரை ஆச்சு. தண்ணி கல்லாயிடும்."

வைத்துவிட்டான்.

ஹில்யா ரிசீவரைக் காதிலேயே வைத்துக்கொண்டு நின்றாள். இப்போது கயிற்றை இடுப்பில் சுற்றியிருப்பான். கைத்தடியை எடுத்திருப்பான். அவள் எண்ண ஆரம்பித்தாள். அவள் காலுக்கு நாற்பத்திரண்டு. அவன் காலுக்கு அது போதாது. எழுபது வரைக்கும் எண்ணி, கதவு திறக்கிற நேரத்தையும் கொஞ்சம் விட்டு, அப்புறம்தான் போனை வைத்தாள்.